ரிசர்வ் சைட்டில் ஒரு சாம்பிள்

எங்கள் காலனிக்குப் பின்னால் ஸ்கேட் பார்க் வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஜல்லி வந்து இறங்கிவிட்டது, கம்பி கட்டுகிறார்கள். வேலை முடிவதற்குள் நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு நான் சொல்லிவிட வேண்டும். முடிந்துவிட்டால் கல்வெட்டில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று சண்டை தொடங்கிவிடும். அப்புறம் என் நன்றியை யார் கேட்கப் போகிறார்கள்?

நான் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். தூத்துக்குடிப் பக்கம் கரிசல் காட்டிலிருந்து கல்யாணமான கையோடு இங்கே பிழைக்க வந்தவள். வந்த புதிதில் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் வந்தால் ஊசி ஒடியும் என்று லைன் முழுக்கத் தெரியும். இப்போது நான் தைப்பதில்லை. ஊசி தப்பித்தது, மனுசர்கள் மாட்டிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். துணி ரோல் ஏற்றும் டெம்போ ஓட்டுகிறார். ஒரு நாள் முழுக்க அவர் பேசுவதை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கேட்டுவிடலாம். எங்களுக்கு ஒரே மகள். அவள் வாய் என்னுடையது, பிடிவாதம் அவருடையது.

ஸ்கேட்போர்டு எங்கள் வீட்டுக்கு வந்ததே வேடிக்கை. கம்பெனியில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று ஓடியது. நெஞ்சில் ஒரு பிள்ளை சக்கரம் வைத்த பலகையில் நின்று பறக்கிற மாதிரி பிரிண்ட். சட்டையைப் போட்டோ எடுக்கும்போது கையில் பிடிக்கவென்று நிஜப் பலகை ஒன்றையும் வாங்கி வந்திருந்தார்கள். சரக்கு கப்பலேறிய பிறகு அது சாம்பிள் ரூம் மூலையில் தூசி அடைந்து கிடந்தது. ஆர்டர் கொடுக்கும் பையர் வருகிறார் என்று ரூமை ஒழித்தபோது, “அக்கா, வேணும்னா எடுத்துட்டுப் போங்க” என்றார்கள். எனக்கு அந்தப் பலகையைப் பார்த்ததும் தண்ணீர்க் குடம்தான் ஞாபகம் வந்தது. தெருக் குழாயில் தண்ணீர் விடும் நாளில் குடம் சுமந்து சுமந்து இடுப்பு விட்டுப்போகிறது. இதில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

தள்ளினேன். வேகத்தடையில் குடம் கவிழ்ந்தது. தெருவே சிரித்தது. என் மகள்தான் ஓடிவந்து, குடத்தை விட்டுவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டாள். அவள் அப்போது ஏழாம் வகுப்பு. அன்று சாயங்காலமே அதன் மேல் ஏறி நின்றாள். ஒரு வாரம் விழுந்து விழுந்து எழுந்தாள். அப்புறம் ஒரு நாள் நான் வேலை முடிந்து வருகிறேன், என்னைக் கடந்து காற்று மாதிரி ஒருத்தி போகிறாள். யார் வீட்டுப் பிள்ளை என்று திரும்பிப் பார்த்தால் எங்கள் வீட்டுப் பிள்ளை. என் வயிற்றில் பிறந்தது இப்படிப் போகுமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியதை மறைக்க, “ஏட்டி, வீட்டுப்பாடம் எழுதிட்டியா?” என்று ஒரு சத்தம் போட்டேன்.

ஒரு பலகைதான். ஒட்டி ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அதற்கு வரிசையில் நின்றார்கள். இந்திக்காரர்களின் பிள்ளைகளும் நின்றன. யார் அடுத்தது என்று இரண்டு மொழியில் சண்டை நடக்கும். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஓட்டுவதற்கு இடம்? காலனிக்கு முன்னால் புதிதாகப் போட்ட சிமெண்ட் ரோடு ஒன்றுதான் வழவழப்பு. அந்த ரோட்டில்தான் கம்பெனி வேனும் லோடு ஆட்டோவும் டெம்போவும் ஓடுகின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி இறக்க வந்த ஒரு டெம்போ பின்னால் எடுத்தது. என் மகள் பலகையிலிருந்து குதித்து ஒதுங்கிவிட்டாள். குதித்த வேகத்தில் இடது மணிக்கட்டு எலும்பு ஒடிந்தது. டெம்போக்காரர் என் வீட்டுக்காரரோடு ஒரே ஸ்டாண்டில் நிற்கிறவர். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, “பார்க்கவே இல்லண்ணே, சத்தியமா பார்க்கவே இல்ல” என்று அழுதார். நான் அவரைத் திட்ட வாயெடுத்தேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அமுக்கினார். “மேல உக்காந்திருக்கவனுக்குக் கீழ பிள்ள இருக்கது தெரியாது” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

வீட்டுக்கு வந்ததும் பலகையை எடுத்துப் பரணில் போட்டார். “வண்டி வராத இடம் ஒண்ணு காட்டுங்க. நானே எடுத்துத் தாரேன். இல்லேன்னா கம்பெனிலயே திருப்பிக் குடுத்துரு” என்றார். மகள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மாவுக்கட்டு பிரித்த பிறகும் அவள் வாசலுக்கு வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். யாரோ எந்த ஊரிலோ பலகையில் பறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

வண்டி வராத இடம் இல்லாமல் இல்லை. எங்கள் காலனியை சைட் போட்டு விற்றபோது பார்க்குக்கென்று பின்னால் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். ரிசர்வ் சைட் என்று பெயர். அதில் துணி கட்டிங் வேஸ்ட் மூட்டையும் உடைந்த கக்கூஸ் பீங்கானும் பாட்டிலும்தான் விளையாடிக்கொண்டிருந்தன. அங்கே ஒரு ஸ்கேட் பார்க் கேட்பது என்று முடிவு செய்தேன். காலனி சங்கத் தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் இந்த ஊர்க்காரர், பெரியவர். முன்பு நிட்டிங் மெஷின் ஓட்டியவர், நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் சிலவும் அவருடையவை.

“வாங்கம்மணி, உக்காருங்க. காப்பி சாப்பிடறீங்களா?”

நான் சொல்ல வந்ததை எல்லாம் சொன்னேன். எந்தெந்த ஊர்ப் பிள்ளைகளோ ஏறி விளையாடுகிற மாதிரி படம் போட்ட சட்டையை இங்கே நாங்கள் ராத்திரி பகலாகத் தைத்து அனுப்புகிறோம், தைக்கிறவள் பிள்ளை ஏறக்கூடாதா என்று கேட்டேன். நன்றாகக் கேட்டேன் என்றே நினைத்தேன். அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். முடிவில், “பார்க்கலாமுங்க” என்றார்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் ‘பார்க்கலாமுங்க’ என்றால் பார்ப்பார்கள் என்று நம்பினேன். எங்கள் ஊரில் முடியாதென்றால் வாசலிலேயே முடியாது என்று கத்திவிட்டு, அப்புறம் உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுப்பார்கள். இங்கே முதலில் காப்பி. குடும்பத்தில் ஒவ்வொருவரையும் விசாரித்து, வாசல் வரை வந்து வழியனுப்பி, மனசு நோகாமல் ‘பார்க்கலாமுங்க’. அதற்கு முடியாது என்று அர்த்தம் என்பது தெரிய எனக்குப் பல வருசம் ஆனது. கவுன்சிலர் அம்மாவிடம் போனேன். “சங்கம் செரின்னு சொல்லிட்டா நான் மன்றத்துல வெச்சர்றனுங்க்கா” என்றார். திரும்பவும் தலைவர் வீடு. திரும்பவும் காப்பி. அந்த வீட்டுக் காப்பித்தூள் டப்பாவைக் காலி பண்ணியதில் பாதிப் பங்கு எனக்குத்தான்.

கடைசியில் ஒரு நாள் உள்ளதைச் சொன்னார்.

“புள்ளைங்க உழுந்து கை கால ஒடச்சுக்கிட்டா ஆருங்கம்மணி பதில் சொல்றது? உங்க ஊட்டுக்காரரே வேண்டாம்னு பலகைய எடுத்து வெச்சுட்டாருங்களாமா. அவரே ஒத்துக்காத காரியத்துக்கு நான் எப்புடிங்க கையெழுத்துப் போடறது?”

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் என் கோபத்தை இன்னும் கிளப்பியது. வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எல்லாம் ‘ணங் ணங்’ என்று வைத்தேன்.

மறுநாள் கம்பெனியில் டீ டைமில் இதையே புலம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தார். சட்டையின் ஒவ்வொரு பாகத்துக்கும் அட்டையில் அளவு வெட்டிக் கொடுப்பவர் அவர்தான். கொமரலிங்கம் ஊர்க்காரர், பொறுமைசாலி. என் புலம்பலை முழுக்கக் கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“ஏனுங்க, இந்த ஊர்ல வெறும் வாய்ப்பேச்சுக்கு எவனுங்க ஆர்டர் குடுத்திருக்கான்? சாம்பிள் காட்டுங்க.”

அட, ஆமாம். இது எனக்கே தோன்றியிருக்க வேண்டாமா? இங்கே எந்த வேலைக்கும் முதலில் ஒரு பீஸ். பையர் அதைத் தொட்டுப் பார்ப்பார், இழுத்துப் பார்ப்பார், திருப்பிப் பார்ப்பார். பிடித்தால்தான் மொத்த ஆர்டர். அன்று சாயங்காலமே தலைவர் வீட்டுக்குப் போய், “ஐயா, பார்க்கே வேண்டாங்க. ஒரே ஒரு சரிவு மட்டும் சாம்பிளுக்குக் கட்டிக் காட்டுதோம். பிடிக்கலேன்னா நாங்களே இடிச்சு அள்ளிருதோம்” என்றேன். பழைய தொழில்காரர் அல்லவா, சாம்பிள் என்ற சொல்லுக்கு அவரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. “சாம்பிளுக்கு என்னுங்கம்மணி, போடுங்க” என்றார். வரும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்குப் பிறகு காலனி செய்த உதவியை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து நான் வருவதற்குள் பெண்கள் குப்பையைக் கூட்டிக் குவித்திருப்பார்கள். வீடு கட்டி மிஞ்சிய மணலையும் செங்கல்லையும் ஒருவர் கொடுத்தார், இறுகிக் கட்டியாவதற்குள் எடுத்துக்கொள் என்று இன்னொருவர் சில மூட்டை சிமெண்ட் கொடுத்தார். பக்கத்து லைனில் குடியிருக்கும் பீகார் கொத்தனார் கூலி வேண்டாம் என்றுவிட்டார். அவர் மகளும் பலகைக்கு வரிசையில் நின்றவள்தான். கீழே சமதளம் பூசினார்கள், மேலே ஏறி நிற்க ஒரு திண்டு கட்டினார்கள். நடுவே வரவேண்டிய சரிவுக்கு அளவு கொடுக்கும் பொறுப்பைப் பேட்டர்ன் மாஸ்டர் ஏற்றுக்கொண்டார். என் மகள் போனில் படம் பார்த்து அளவுகளைச் சொன்னாள். அவர் புது டிசைன் சட்டைக்கு வெட்டுகிற அதே பக்தியோடு அட்டையில் வரைந்து, துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தார். கொத்தனார் அந்தத் துண்டுகளை வரிசையாகத் தரையில் வைத்து, அவற்றின்படியே செங்கல் வைத்துப் பூசினார்.

பூச்சு காய்ந்ததும் என் மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் அந்தப் பக்கம் நின்று பார்த்தாள், இந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

“எம்மா, இது ஸ்கேட்டிங் சரிவு இல்ல. ஆஸ்பத்திரி வாசல்ல வீல்சேர் தள்ளுததுக்குப் போட்டிருப்பாங்கல்ல, அது.”

உண்மைதான். அவள் சொன்ன அளவை விட நீளம் எங்கேயோ போயிருந்தது. உயரம் மட்டும் திண்டின் உயரம். டேப் வைத்துப் பார்த்த மாஸ்டர் அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டார். பனியன் துணி துவைத்தால் நீளத்தில் சுருங்கும், அதற்கென்று கொஞ்சம் கூட்டி வெட்டுவது எங்கள் தொழில் வழக்கம். இரண்டு துண்டைச் சேர்த்துத் தைக்க ஓரத்திலும் கொஞ்சம் விடுவோம். மாஸ்டரின் கை பழக்கத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டையும் சேர்த்துவிட்டது. தையலுக்கு விட்ட ஓரம் கொத்தனாருக்கு எப்படித் தெரியும்? அவர் ஓரத்தோடு ஓரம் ஒட்டி வைத்துக் கட்டிவிட்டார்.

“ஏண்ணே, சிமெண்ட என்ன துவைச்சுக் காயவா போடப் போறோம்?” என்று ஆரம்பித்து நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பாவம், அவர், “கை தானாப் போயிருச்சுங்க” என்றபடி டேப்பைச் சுருட்டிக்கொண்டார். மிச்சம் சிமெண்ட் இல்லை. தலைவரும் கவுன்சிலர் அம்மாவும் வருவதாகச் சொன்ன ஞாயிறு நெருங்கிவிட்டது. தப்பான சாம்பிளைக் காட்டினால் என்ன நடக்கும் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கு வரும்போது மகள், “போதும்மா, விட்டுரு. பலகைய கம்பெனிலயே குடுத்துருவோம்” என்றாள். எனக்கு ஆறுதல் சொல்வதற்காக அப்படிச் சொன்னாள்.

அந்த ஞாயிறு வந்தது. ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து பலகையை நானே எடுத்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை. எங்கள் பின்னாலேயே நடந்து வந்தார்.

சைட்டில் காலனியே கூடியிருந்தது. தலைவர் வெள்ளை வேட்டியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கவுன்சிலர் அம்மா பக்கத்தில் நின்றார். என் மகள் பலகையோடு திண்டு மேல் ஏறினாள். ஒரு காலை வைத்தாள். எடுத்தாள். திரும்பவும் வைத்தாள். இடது மணிக்கட்டை வலது கையால் பொத்திக்கொண்டாள். கை ஒடிந்த பிறகு அவள் அதில் ஏறவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இடம் இடம் என்று அலைந்த நான் அவள் பயத்தை நினைத்தே பார்க்கவில்லை. ஏதாவது சொல்லித் தைரியம் கொடுக்கலாம் என்றால் எனக்கு வாயே வரவில்லை. என் வாய்க்கு அப்படி ஒரு நிலைமை வந்தது அன்றைக்குத்தான்.

“புள்ள பயப்படுதுங்க. உட்ருங்கம்மணி, இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று தலைவர் எழுந்துவிட்டார்.

அப்போது என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சரிவில் நடந்து மேலே போனார். அவளுடைய இடது கையை, ஒடிந்து சேர்ந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் பலகையில் ஏறினாள். அவர் பக்கத்தில் நடந்தே கூட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சரிவு அவ்வளவு நீளம், அவ்வளவு குறைந்த சாய்வு என்பதால்தான் ஒரு மனுசன் கூடவே நடந்து வர முடிந்தது. படத்தில் இருந்த அளவுப்படி கட்டியிருந்தால் அவர் எங்கே கால் வைப்பது? ஒரு தடவை கூட்டி வந்தார். இன்னொரு தடவை கூட்டிப் போனார். அடுத்த தடவை அவர் கூடவே ஓட வேண்டியிருந்தது. கையை அவர் விட்டாரா, அவள் விட்டாளா என்று நான் பார்க்கவில்லை. அவள் கீழே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவர் பாதிச் சரிவில் கையை நீட்டியபடி நின்றார்.

நான் பேட்டர்ன் மாஸ்டரைத் தேடினேன். கூட்டத்துக்குப் பின்னால் ஒளிகிற மாதிரி நின்றிருந்தார். போய், “அண்ணே, நல்லா இருப்பீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அதற்குள் சின்னப் பிள்ளைகள் பலகையைப் பிடுங்கிக்கொண்டு சரிவில் ஏறிவிட்டார்கள். அம்மாக்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க, நாலு வயதுப் பிள்ளைகூட இறங்கியது. தலைவர் தானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறி, காலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு இறங்கினார். சுற்றிலும் வேலி வேண்டும், கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குச் செங்குத்தாக ஒன்று தனியாக வேண்டும், இது மட்டும் இதே அளவில் இருக்கட்டும் என்று பையர் மாதிரியே குறை சொல்லிக்கொண்டு வந்தார். இந்தத் தொழிலில் குறை சொல்கிறார்கள் என்றால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு உயிர் வந்தது.

ஆனால் அவர் நேராக என் வீட்டுக்காரரிடம் போய் நின்றார்.

“எல்லாம் செரிங்க. பலகைய எடுத்து வெச்சது நீங்கதானுங்க. அதனால உங்களத்தான் கேக்கறேன். நாளைக்கு உங்க புள்ள இங்க உழுந்தா?”

ஊரார் முன்னால் அவரைப் பேசச் சொன்னால் வேர்த்துக் கொட்டும். நான் முந்திக்கொண்டு பதில் சொல்லப் போனேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“விழட்டுங்க. இங்க விழுந்தா எந்திரிச்சிருவா” என்றார். ரோடு இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். “ரோட்டுல விழுந்தா, அன்னைக்கு வண்டில இருக்கது நானாக்கூட இருக்கலாம்ங்க. யார் வீட்டுப் பிள்ளையாவும் இருக்கலாம்.”

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு நாளும் இந்தப் பயத்தோடுதான் வண்டியில் ஏறி உட்கார்ந்தாரா என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் அழுதேன். கவுன்சிலர் அம்மா தலைவரைப் பார்த்தார்.

தலைவர் என் மகளைக் கையாட்டிக் கூப்பிட்டார்.

“இன்னொருக்கா போ கண்ணு. நான் இப்ப செரியாப் பார்க்கறேன்.”

அவள் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தனியாக மேலே ஏறினாள்.